எந்தப் பூச்சியை விடுவது என்பதற்கு முன்

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் மரவள்ளி, அரை ஏக்கர் கத்திரி, கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நெல் வைத்திருக்கிறேன். மரவள்ளிக் கொழுந்தில் மாவுப்பூச்சி, கத்திரியில் அசுவினியும் காய்ப்புழுவும் இருக்கின்றன. நன்மை செய்யும் பூச்சிகளை வாங்கி விட்டால் மருந்தே தேவையில்லை என்கிறார்கள். சென்ற பருவத்தில் ஒட்டுண்ணி அட்டை வாங்கிக் கட்டியும் பலன் தெரியவில்லை. எந்தப் பூச்சியை, எத்தனை, எப்போது விட வேண்டும்?

பதில்:

உங்கள் பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நீங்கள் எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பூச்சியை விட்டுத்தான் ஆக வேண்டிய இடமும் உண்டு. உங்கள் மரவள்ளி அப்படிப்பட்ட இடமாக இருக்கலாம். ஆனால் அங்கே தேவைப்படும் குளவி உரக்கடையில் கிடைக்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மரவள்ளிதான் உங்களுக்குப் பெரிய பணம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"மாவுப்பூச்சி" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்த மாவுப்பூச்சி? உங்கள் பகுதி மரவள்ளியில் குறைந்தது இரண்டு உண்டு. ஒன்றுக்கு உதவும் குளவி மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு கொழுந்தை ஒடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். மெழுகுத் தூளை ஒரு குச்சியால் மெல்ல நீக்கினால் உடம்பு மஞ்சளாகத் தெரிகிறதா? நசுக்கினால் மஞ்சள் நீர் வருகிறதா? சாராயத்தில், அதாவது மருந்துக்கடை ஸ்பிரிட்டில், போட்டு வைத்தால் நீலம் கலந்த கறுப்பாக மாறுகிறதா? அப்படியென்றால் அது பப்பாளி மாவுப்பூச்சி. உடம்பு இளஞ்சிவப்பாக இருந்து, கொழுந்து இலைகள் சுருண்டு முட்டைக்கோசு போல ஒரே கொத்தாகக் குறுகி நின்றால் அது மரவள்ளி மாவுப்பூச்சி. இரண்டும் ஒரே செடியில் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

பப்பாளி மாவுப்பூச்சியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நன்மை செய்யும் பூச்சி என்றால் என்ன சாதிக்கும் என்பதற்கு நம் மண்ணில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை, ஏனென்றால் அதன் எதிரிகளும் அங்கேயே இருக்கின்றன. எதிரிகளை ஊரிலேயே விட்டுவிட்டு, செடியோடு செடியாகக் கப்பலும் விமானமும் ஏறி அது கரீபியத் தீவுகள், புளோரிடா, பசிபிக் தீவுகள் என்று பரவியது. 2008இல் கோயம்புத்தூரில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகள் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என எதைத் தொட்டாலும் வெள்ளையாக ஒட்டியது. வேலியோரப் பார்த்தீனியத்தையும் விடவில்லை.

மருந்து அடிக்காமலா இருந்தார்கள்? அடித்தார்கள். மேலே மெழுகு, முட்டைகளுக்குப் பஞ்சுப் பை. மருந்து உள்ளே இறங்குவது கடினம். அப்படியே ஒரு வயலைச் சுத்தம் செய்தாலும் வேலியோரக் களைச்செடியிலிருந்து குஞ்சுகள் காற்றில் திரும்ப வந்துவிடும். பட்டு விவசாயிகளின் நிலை இன்னும் மோசம். மருந்து அடித்த மல்பெரி இலையைப் பட்டுப்புழுவுக்குப் போட முடியாது. போட்டால் முதலில் சாவது மாவுப்பூச்சி அல்ல, பட்டுப்புழு. பலர் தோட்டத்தையே அழித்தார்கள்.

இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று அழைக்கப்படும் பெங்களூரு நிறுவனம் 2010இல் அமெரிக்க வேளாண் துறை வழியாக, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. வந்ததும் திறந்து விட்டுவிடவில்லை. தனிமைக் கூடத்தில் வைத்து, இவை வேறு பயனுள்ள பூச்சிகளைத் தாக்குமா என்று சோதித்த பிறகே, 2010 அக்டோபரில் கோவைப் பகுதியில் வயலில் விட்டார்கள். மூன்றில் பெரும் வேலையைச் செய்தது அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி. குளவி என்றதும் கூடு கட்டிக் கொட்டும் குளவியை நினைக்காதீர்கள். இது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மஞ்சள் நிறப் புள்ளியாக இலைமேல் நகரும், அவ்வளவுதான். பெண் குளவி இளம் மாவுப்பூச்சியைத் தேடிப் பிடித்து, அதன் உடம்புக்குள் முட்டை இடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வளரும். கடைசியில் மாவுப்பூச்சி பழுப்பாக உப்பி, கெட்டியான ஒரு சிறு பீப்பாய் போல ஆகிவிடும். அதில் ஒரு துளை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வரும். இத்தனைக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் போதும்.

குளவிகளை வளர்க்கக் கையாண்ட முறையும் எளிமையானது. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை ஏற்றி, அதன்மேல் குளவியை விட்டுப் பெருக்கி, பல்கலைக்கழக நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அடுத்த கோடைக்குள் பெரும்பாலான இடங்களில் கூட்டம் அடங்கிவிட்டது. அதன்பின் ஆண்டுதோறும் யாரும் விட வேண்டியிருக்கவில்லை. குளவி தானே தங்கிவிட்டது. ஆகவே உங்கள் செடியில் இருப்பது பப்பாளி மாவுப்பூச்சி என்றால், குளவி உங்கள் வட்டாரத்திலேயே இருக்க வேண்டும். லென்ஸ் வைத்து இலையின் அடிப்புறம் பாருங்கள். துளையுள்ள பழுப்புப் பீப்பாய்கள் தென்பட்டால் மருந்துத் தெளிப்பானைக் கொட்டகையில் வைத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

இளஞ்சிவப்பு மரவள்ளி மாவுப்பூச்சி வேறு கதை, ஆனால் அதே கதைதான். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, மரவள்ளியையே நம்பியிருந்த மக்களைப் பட்டினி வரை கொண்டுபோனது. ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான ஆய்வாளர்கள் 1981இல் பராகுவேயிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற குளவியைக் கொண்டுவந்து நைஜீரியாவில் தொடங்கி நாடு நாடாகப் பரப்பினார்கள். சில இடங்களில் விமானத்திலிருந்தே தூவினார்கள். அந்தப் பணிக்காக ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டு, வெகு சீக்கிரத்தில் சேலம், நாமக்கல் பக்கம் வந்துவிட்டது. இதற்கு ஆண் பூச்சியே தேவையில்லை. பெண் தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது இது. தாக்கப்பட்ட கொழுந்தைக் காகித உறையில் போட்டு ஏத்தாப்பூர் நிலையத்துக்கோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய் இனத்தை உறுதி செய்யுங்கள். குளவி இருப்பு உண்டா என்றும் அங்கேயே கேளுங்கள். நட்டபோதே கரணையில் (நடும் தண்டுத் துண்டில்) பூச்சி இருந்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள். மாவுப்பூச்சி பெரும்பாலும் கரணை வழியாகத்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. அடுத்த நடவுக்குக் கரணையைச் சுத்தமான தோட்டத்திலிருந்து எடுங்கள்.

மாவுப்பூச்சியில் பலர் கவனிக்காத ஒன்று எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் காக்கின்றன. குளவியோ பொறிவண்டோ பக்கத்தில் வந்தால் விரட்டியடிக்கின்றன. செடிக்கு எறும்பு சாரை சாரையாக ஏறுகிறது என்றால், குளவி விட்டும் பாதிப் பலன்தான். தண்டோரத்து எறும்புப் புற்றுகளைக் கிளறி அழிப்பது, வயலுக்குள் களையைக் குறைப்பது ஆகியவை குளவிக்கு நாம் செய்யும் உதவி.

இப்போது கடையில் கிடைப்பவை. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டை மாவுப்பூச்சிக்கு விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இது 1898இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. காப்பியில் பச்சைச் செதில் பூச்சியைத் தின்னும் என்று கொண்டுவந்தார்கள். அதை அது ஒழுங்காகத் தின்னவில்லை. மாவுப்பூச்சியை மட்டும் விரும்பித் தின்று இங்கேயே தங்கிவிட்டது. திராட்சை, கொய்யா, எலுமிச்சையில் மாவுப்பூச்சி குவிந்திருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். கூட்டம் குறைந்தால் இரை போதாமல் வேறு இடம் பார்த்துப் போய்விடும். குளவி மாதிரி ஒன்றிரண்டு மாவுப்பூச்சியைக்கூடத் தேடிப் பிடிக்கும் பொறுமை இதற்கு இல்லை. வாங்குவதானால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இதன் புழு அச்சு அசல் மாவுப்பூச்சி போலவே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உடம்பெங்கும் வெள்ளை மெழுகு நூல் தொங்கும். அளவில் மாவுப்பூச்சியைவிடப் பெரியது, வேகமாக நடக்கும். "பெரிய மாவுப்பூச்சி வந்துவிட்டது" என்று பதறி மருந்து அடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்துக் கொல்வது!

பொறிவண்டு ஒன்று ஒரு பகுதியின் பிரச்சினையையே தீர்த்த கதையும் நம்மிடம் உண்டு. நீலகிரியில் வாட்டில் மரங்களில் பஞ்சுச் செதில் பூச்சி பரவியபோது, 1929 வாக்கில் ரொடோலியா என்ற சிவப்புப் பொறிவண்டைக் கலிபோர்னியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் வரவழைத்து விட்டார்கள். அதே வண்டுதான் 1888-89இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போய் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றியிருந்தது. அது ஒரே வகை இரையை நம்பி வாழும் வண்டு; அதனால்தான் அங்கே அவ்வளவு துல்லியமாக வேலை செய்தது.

உங்கள் ஒட்டுண்ணி அட்டை ஏன் பலிக்கவில்லை? எந்தப் பயிரில், என்ன நிலையில் கட்டினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்த அட்டை தோற்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே. அட்டையில் ஒட்டியிருப்பது அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். அவற்றுக்குள் டிரைக்கோகிரம்மா என்ற அரை மில்லிமீட்டர் குளவி வளர்கிறது. வெளியே வந்ததும் அது பயிரிலுள்ள அந்துப்பூச்சிகளின் முட்டையைத் தேடி அதற்குள் தன் முட்டையை இடும். முட்டையை மட்டும்தான். புழுவை அது ஒன்றும் செய்யாது. புழு கண்ணில் பட்ட பிறகு அட்டை வாங்கப் போனால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் இந்த அட்டை சுத்தமாகப் பயன்படாது. அப்படிச் சொல்லி யாராவது விற்றிருந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

அட்டையைக் கையில் வாங்கியதும் லென்ஸில் பாருங்கள். முட்டைகள் கறுத்திருந்தால் உள்ளே குளவி இருக்கிறது. வெளுத்தோ மஞ்சளாகவோ இருப்பவை வெறும் முட்டைகள். கறுத்தவற்றில் பொடித் துளைகள் தெரிந்தால் குளவிகள் கடையிலேயே பறந்துவிட்டன. உங்களிடம் இருப்பது அட்டை மட்டும். ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) அளவு முட்டை ஒட்டிய அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டைகள் இருக்கும். இந்தக் குளவி சில மீட்டர்களுக்கு மேல் பறக்காது. எனவே முழு அட்டையை வயல் நடுவில் ஒரே இடத்தில் கட்டுவது வீண். சிறு துண்டுகளாக நறுக்கி, வயல் முழுக்கப் பரவலாக, இலையின் அடிப்புறத்தில் வெயிலும் மழையும் நேராகப் படாதபடி ஸ்டேப்ளர் போடுங்கள். மாலை நேரம் நல்லது. எறும்பு மொய்க்கும் இடமானால் விடிவதற்குள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்கு மருந்து கூடாது. வேப்பெண்ணெய் இயற்கைப் பொருள்தானே என்று அந்த நாட்களில் அடிக்காதீர்கள். குளவிக்கு எது இயற்கை எது செயற்கை என்று தெரியாது.

இது நன்றாகப் பலிக்கும் பயிர் கரும்பு. இடைக்கணுப் புழுவுக்கு நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஆறு தடவை, ஏக்கருக்கு ஒரு சிசி என்பது பரிந்துரை. ஆறு தடவை என்பதைக் கவனியுங்கள். ஒரு முறை கட்டிவிட்டு முடிவு சொல்லும் வேலை அல்ல இது. கூடவே சோகை (காய்ந்த இலை) உரிப்பதும் உண்டு.

நெல்லுக்கு வருகிறேன். இங்கே எதையும் வாங்காமல் இருப்பதே பெரும்பாலும் சரி. புகையானை எடுத்துக்கொள்ளுங்கள். தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. அது தன் முட்டையை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. மேலே அடிக்கும் மருந்து பெரிய பூச்சியைக் கொல்லும், கூடவே சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொல்லும். திசுவுக்குள் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரத்தில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வரும்போது வயலில் எதிரியே இருக்க மாட்டான். அடிக்க அடிக்கப் புகையான் பெருகும் விந்தை இப்படித்தான் நடக்கிறது. இந்தோனேசியாவில் இது நாட்டுப் பிரச்சினையாகவே ஆகி, 1986இல் அதிபரின் ஆணையால் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் தடை செய்தார்கள்.

சின்னதாக, பச்சையும் கறுப்புமாக இருக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சி அந்த முட்டைகளைக் குத்தி உறிஞ்சுகிறது. ஓநாய்ச் சிலந்தி குஞ்சுகளையும் பெரிய பூச்சிகளையும் ஓடிப் பிடிக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையே இதை ஒப்புக்கொள்கிறது. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், ஒரு சிம்புக்கு, அதாவது தூரில் கிளைக்கும் ஒரு தண்டுக்கு, இரண்டு புகையான் வரும் வரை மருந்து வேண்டாம். சிலந்தி இல்லையென்றால் ஒரு சிம்புக்கு ஒன்று. அதாவது, எதிரியை எண்ணாமல் பூச்சியை மட்டும் எண்ணி மருந்து முடிவு செய்வது தவறு. குனிந்து, தூரை விலக்கி, இருபது தூர்களாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இலைகளைப் பார்த்து முடிவு செய்வது வேண்டாம். நட்ட முதல் நாற்பது நாட்களில் இலை கொஞ்சம் சுருண்டாலும் கடிபட்டாலும் பயிர் சிம்பு விட்டு ஈடு கட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் அடிக்கும் மருந்துதான் பின்னால் வரும் புகையானுக்குப் பாதை போடுகிறது.

தொழுவுரமும் பசுந்தாளும் போட்ட வயலில் சிலந்தி சீக்கிரமே வந்து சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். மட்கும் பொருளில் கொசு போன்ற சிறு பூச்சிகள் பிறக்கின்றன. பயிரைத் தாக்கும் பூச்சி வருவதற்கு முன்பே சிலந்திக்கும் தட்டானுக்கும் அவை இரை ஆகின்றன. வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போடுவதும் இதே நோக்கத்தில்தான். தட்டைப்பயறில் வரும் அசுவினி நெல்லுக்கு வராது. ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டு பக்கத்து வயலுக்கும் போகும். குளவிகளுக்குத் தேன் வேண்டும் என்பதால் எள், சூரியகாந்தி, கொத்தமல்லி போலப் பூக்கும் பயிர் ஓரத்தில் நாலு வரிசை இருந்தால் நல்லது. குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல் நாற்று நுனியில் தெரிந்தால் நடும்போது நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளியதை எரிக்காமல் மூங்கில் கூண்டில் போட்டு வயலோரம் தொங்கவிட்டால், அந்த முட்டைகளுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் தப்பி வயலுக்கு வந்துவிடும்.

கத்திரியில் அசுவினிக்கு ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். கொழுந்தில் அசுவினி இருக்கும் இடத்தில், முடி போன்ற வெள்ளைக் காம்பின் நுனியில் ஒவ்வொன்றாக நிற்கும் முட்டைகளைக் கண்டால் அது பூசணம் அல்ல, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. பொரிந்து வரும் புழு முதலை மாதிரி நீண்டு, கொடுக்கு போன்ற தாடையால் அசுவினியைக் கவ்வி உறிஞ்சும். பசித்தால் உடன்பிறப்பையும் தின்னும். தாய் முட்டையைத் தனித்தனிக் காம்பில் வைப்பது அதற்காகத்தான். இலையில் ஊரும், காலில்லாத பச்சைப் புழுக்களும் நண்பர்களே. பூக்களில் தேனீ போல அந்தரத்தில் நிற்கும் ஈயின் பிள்ளைகள்.

ஆனால் புள்ளி போட்ட வண்டெல்லாம் நண்பன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்திரியில் எபிலாக்னா வண்டு வரும். இதுவும் பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் இலை தின்னி. நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியது போல மினுங்கும். எபிலாக்னாவின் முதுகு மங்கலாக, நுண்ணிய மயிரோடு, செம்புப் பழுப்பு நிறத்தில், ஏறத்தாழ 28 வரை கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். அதன் புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளைத்த முள். இலையின் பச்சையத்தைச் சுரண்டி வலை மாதிரி விட்டிருந்தால் அதுதான். கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

காய்ப்புழுவில் மட்டும் பூச்சிகளை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முட்டை பொரிந்த புழு மிக விரைவிலேயே தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடுகிறது. அதன்பின் பெரும்பாலான எதிரிகளுக்கு அது எட்டாது. டிரைக்கோகிரம்மா அட்டையைப் பூக்கும் முன்பே வாரம் ஒரு முறை தொடங்கினால் ஓரளவு குறையும். அதைவிட உறுதியான வேலை, வாடித் தொங்கும் நுனித் தண்டுகளை வாரந்தோறும் புழுவோடு கிள்ளி, வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழிப்பதும், ஓட்டை விழுந்த காய்களைச் செடியடியில் போடாமல் அப்புறப்படுத்துவதும். இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆணைப் பிடிக்கும் பொறி) வைத்தால் அந்துப்பூச்சி எப்போது வரத் தொடங்குகிறது என்றும் தெரியும். அந்தத் தேதியில் அட்டையைக் கட்டுங்கள். இத்தனையும் செய்தும் காய்ச் சேதம் கட்டுக்கு மீறினால் மருந்து அடிக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கொல்லும் மருந்தாக இல்லாமல், புழுவை மட்டும் குறிவைக்கும் மருந்து எது என்று வேளாண் அலுவலரிடம் கேட்டு, மாலையில், கத்திரிக்கு மட்டும் அடியுங்கள். காற்று மரவள்ளிப் பக்கம் வீசும் நேரத்தில் வேண்டாம்.